அமுக்கத்தைக் கூட்டினால் ஆற்றல் கூடிவிடுமா?



எங்கள் வட்டாரத்தில் ஒரு நற்பணி நடந்து வருகிறது. தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் துருவேறிக் கிடந்த பழைய சாம்பல்நிறப் பெர்குசன் டிராக்டரை முன்னாள் மாணவர்கள் சிலர் மீட்டு வந்துள்ளனர். என்ஜினை முழுமையாகப் பிரித்துச் சீர்செய்து, தமிழ்ப்பள்ளி வளாகத்தில் தோட்டத்து மக்களின் நினைவுச் சின்னமாக நிறுத்தப் போகின்றனர். விழா நாட்களில் ஓட்டியும் காட்டுவார்களாம். நன்கொடை கேட்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் வந்திருந்தனர். மனமாரப் பாராட்டுகிறேன், என்னால் இயன்றதைக் கொடுத்தும் இருக்கிறேன்.

ஆனால், இந்நற்பணியின் நடுவே ஒரு வேண்டாத வேலையும் புகுந்துவிட்டது. “பிரித்ததுதான் பிரித்தோம், அப்படியே மேடேறிய பிஸ்டன் போட்டு, ஹெட்டையும் சீவி, அமுக்க விகிதத்தை 6-இலிருந்து 8-க்கு ஏற்றிவிடலாம். வண்டி பறக்கும்!” என்று ஏற்பாட்டுக் குழுவில் பேசி முடித்திருக்கிறார்கள். இதனை நான் எதிர்க்கிறேன். வெளிப்படையாகவே எதிர்க்கிறேன்.

“தொடக்கப்பள்ளி வாத்தியாருக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும்?” என்று ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். எனக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். ஆறாம் ஆண்டு அறிவியல் தெரியும். இந்த வழக்கைத் தீர்க்க அவை போதும் என்பதே என் வாதம். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமுக்க விகிதம் என்பது யாது?

ஊசியில்லாத பெரிய மருந்துக்குழல் ஒன்றில் 60 மில்லிலிட்டர் காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்து, 10 மில்லிலிட்டர் வரை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். (பெரியவர் கைக்கே அது கடினம், முயன்று பாருங்கள்.) அறுபதைப் பத்தால் வகுக்க ஆறு. அதுவே அமுக்க விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேலே வந்து நின்றபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். அவ்வளவுதான்.

காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை நம் பிள்ளைகள் அறிவார்கள். நம் நாட்டு வெயிலில் 32 பாகை செல்சியசில் உள்ளே போகும் காற்றை, வெப்பம் வெளியே கசியாமல், ஆறில் ஒரு பங்காக அமுக்கினால் ஏட்டுக் கணக்கின்படி அது ஏறத்தாழ 350 பாகையைத் தொடும். எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் 430 பாகையை நெருங்கும். டீசல் என்ஜினில் விகிதம் 17 அளவில் இருக்கும்; அங்கே 670 பாகையைத் தாண்டும். அதனால்தான் டீசலுக்குத் தீப்பொறியே தேவையில்லை. தெளித்தவுடன் தானே பற்றிக் கொள்கிறது.

டீசலில் அது விரும்பப்படுவது. பெட்ரோலிலோ அது கேடு. பொறி பற்றவைத்த தீ ஒரு மூலையிலிருந்து ஒழுங்காகப் பரவிவரும் நேரத்தில், மறுமூலையில் உள்ள கலவை சூடும் அமுக்கமும் தாங்காமல் தானே வெடித்துவிட்டால், உள்ளே சுத்தியல் அடித்தது போன்ற ஓசை கேட்கும். அதைத் தட்டல் என்பர். தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், வளையம் உடையும், கேஸ்கட் கிழியும். பெட்ரோலின் ‘ரோன்’ எண் சொல்வது இந்தத் தட்டலை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மட்டுமே. அது வலுவின் அளவன்று.

அந்த ‘6’ எங்கிருந்து வந்தது?

பெர்குசன் டி.இ.20 வகை டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் பேனர் லேன் ஆலையில் உருவாயின. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை வெளிவந்தன. முதலில் அமெரிக்கக் கான்டினென்டல் என்ஜினைப் பொருத்தினார்கள். 1947 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சொந்த என்ஜின் வந்தது. அதன் சிலிண்டர் துளை 80 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 92 மி.மீ. 1951இல் துளையை 85 மி.மீ. ஆக்கினார்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 2088 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 2000 சுற்றில் ஏறத்தாழ 28 குதிரைத்திறன்.

இதன் பெட்ரோல் வகையில் அமுக்க விகிதம் 6-ஐ ஒட்டி இருந்தது. மண்ணெண்ணெயைப் போன்ற மலிவான ‘டிராக்டர் ஆவியெண்ணெயில்’ ஓடிய வகையில் இன்னும் குறைவு, ஏறத்தாழ 4.5 முதல் 5 வரை. 1951இல் வந்த டீசல் வகையில் 17. ஒரே வண்டி, ஒரே ஆலை, மூன்று விகிதங்கள்! காரணம் எரிபொருள். போருக்குப் பிந்திய பிரிட்டனில் விற்ற பெட்ரோல் இன்றைய ரோன் 95-க்குக் கிட்டவும் வராது. ஆவியெண்ணெயின் ஆக்டேன் எண்ணோ 55 முதல் 70 வரைதான். வரி குறைவென்பதால் உழவர்கள் அதனை விரும்பினார்கள். பெட்ரோலில் முடுக்கி, என்ஜின் சூடேறியபின் ஆவியெண்ணெய்க்குத் திருப்பி ஓட்டினார்கள். அந்த எரிபொருள் தட்டாமல் எரிய வேண்டுமென்றே விகிதத்தைத் தாழ்த்தினார்கள். ஆக, அந்த எண் அறியாமையில் பிறந்ததன்று, கணக்கில் பிறந்தது.

குழுவினரின் ஐந்து வாதங்கள்

1. “பழைய என்ஜினில் வலு இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டோம்.”

எதைச் சோதித்தீர்கள்? அமுக்கமானியைத் தீப்பொறிச் செருகியின் துளையில் வைத்து, முள் குறைவாகக் காட்டியது என்கிறீர்கள். நண்பர்களே, அது அமுக்க விகிதமன்று, அமுக்கம். விகிதம் என்பது வடிவத்தின் கணக்கு. அது தேய்வதில்லை. தேய்ந்தவை பிஸ்டன் வளையமும் லைனரும் வால்வின் இருக்கையும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ஓட்டையை அடைக்க வேண்டுமா, பானையின் வடிவத்தை மாற்ற வேண்டுமா?

இங்கேதான் பெரிய ஏமாற்று நிகழ்கிறது. இணையக் காணொளிகளில் வரும் ‘முன்–பின்’ ஒப்பீடுகளைப் பாருங்கள். உயர்ந்த பிஸ்டனோடு புதிய வளையம், புதிய லைனர், அரைத்துப் பொருத்திய வால்வு, கழுவிய கார்பரேட்டர், புதிய செருகி அனைத்தையும் ஒரே நேரத்தில் மாட்டுகிறார்கள். பிறகு வண்டி இழுக்கிறது. புகழ் முழுவதும் உயர்ந்த பிஸ்டனுக்கு! தற்சார்பு மாறி ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக வைக்க வேண்டும் என்று நம் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம். ஆலை கொடுத்த அதே அளவில் புதிய பிஸ்டனும் வளையமும் போட்டிருந்தாலும் அந்த வண்டி இழுத்திருக்கும். கூடியதில் பெரும்பகுதி புதிய வளையத்தின் கொடை.

2. “இப்போது ரோன் 95, 97 எல்லாம் கிடைக்கிறதே, நல்ல எண்ணெயை வீணாக்கலாமா?”

இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை. நல்ல எரிபொருள் உயர்ந்த விகிதத்தைத் தாங்கும். உயர்ந்த விகிதம் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பிழிந்தெடுக்கும். ஆனால், எவ்வளவு கூடுதல்? நூல்களில் உள்ள இலட்சிய என்ஜின் கணக்கின்படி 6-இல் திறன் 51 விழுக்காடு. 8-இல் 56 விழுக்காடு. அஃதாவது வலு பத்தில் ஒரு பங்கு உயரும். உண்மையான என்ஜினில் அதற்கும் குறைவே. 28 குதிரை 31-ஐக்கூடத் தொடாது.

அதற்கு நாம் தரும் விலையையும் பாருங்கள். பற்றவைக்கும் முன்பே சிலிண்டருக்குள் இருக்கும் அமுக்கம் அதே ஏட்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்கிறது. எரியும்போது எழும் உச்ச அமுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்கிறது. வரவு பத்து, சுமை முப்பதுக்கு மேல்! அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவை எழுபது ஆண்டு வயதான வார்ப்பிரும்பும், மூன்றே மூன்று முதன்மைத் தாங்கிகளில் சுழலும் கிராங்குத் தண்டும். எந்த வணிகர் இந்த வியாபாரத்துக்கு ஒப்புவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமுக்க விகிதத்தை உயர்த்தும் ஆசைக்கு மனித குலம் ஒருமுறை பெருவிலை கொடுத்திருக்கிறது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் தட்டல் அடங்கும் என்று கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா அதனைக் கைவிட்டது 2021இல். நூறு ஆண்டுகள்! அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சென்பது இன்று ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிவிட்டது. ஓர் எண்ணை உயர்த்துவது எப்போதும் முன்னேற்றமே என்று நம்புகிறவர்கள் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

3. “இதே என்ஜின் பந்தயக் காரில் 90 குதிரை தந்ததே!”

உண்மை. இந்த என்ஜின் குடும்பம் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரில் நிமிடத்திற்கு 4200 சுற்றில் 68 குதிரைத்திறன் தந்தது. துளையை 83 மி.மீ. ஆக்கி, 1991 கன சென்டிமீட்டரில், 8.5 விகிதத்தில் டிரையம்ப் டி.ஆர்.2 காரில் பொருத்தியபோது 4800 சுற்றில் 90 குதிரைத்திறன் தந்தது. குழுவினர் இந்த எட்டரையைப் பிடித்துக்கொண்டார்கள், 4800-ஐ விட்டுவிட்டார்கள்!

கணக்குப் போடுவோம். 2000 சுற்றில் 28 குதிரை. 4800 என்பது 2000-இன் 2.4 மடங்கு. 28-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 67. அஃதாவது, ஒவ்வொரு சுற்றிலும் டிராக்டர் செய்த அதே வேலையைச் செய்தாலே, விரைவாகச் சுழன்றதால் மட்டும் 67 குதிரை வந்துவிடும். எஞ்சிய இருபத்துச் சொச்சத்தை இரட்டைக் கார்பரேட்டரும், மாறிய கேம் தண்டும், உயர்ந்த விகிதமும் பங்கிட்டுக் கொள்கின்றன. வலுவை அளந்த முறைகள் வேறென்பதால் இது தோராயக் கணக்குத்தான். ஆயினும் உண்மை எத்திசையில் உள்ளதென்று காட்டப் போதும். டிராக்டரின் சுற்றையோ ‘கவர்னர்’ கட்டிப்போட்டிருக்கிறது. உழவுக்கு அதுவே தேவை. கவர்னரைக் கழற்றி 4800 சுற்றில் பள்ளி வளாகத்துள் ஓட்டப் போகிறார்களா? பிள்ளைகள் நிற்கும் இடத்திலா?

4. “ஹெட்டைக் கொஞ்சம் சீவினால் போதும், செலவும் குறைவு.”

எவ்வளவு ‘கொஞ்சம்’? 85 மி.மீ. துளையில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 522 கன சென்டிமீட்டர். விகிதம் 6 என்றால் மேலே எஞ்சும் அறை 522-ஐ 5-ஆல் வகுத்தது: 104. விகிதம் 7 ஆக வேண்டுமென்றால் 522-ஐ 6-ஆல் வகுத்தது: 87. பதினேழு கன சென்டிமீட்டரைக் குறைக்க வேண்டும். அறையின் வாய் துளையளவே அகலமென்று கொண்டால் 3 மி.மீ. இரும்பைச் சீவ வேண்டும். வாய் அதைவிடக் குறுகியதென்றால் இன்னும் கூடுதல். 8 ஆக்க வேண்டுமென்றால் 5 மி.மீ.-ஐத் தாண்டும். ஹெட்டின் உள்ளே குளிர்நீர் ஓடும் வழி இருக்கிறது. சீவச் சீவ அதன் சுவர் மெலியும். வால்வைத் தள்ளும் கம்பியின் நீளமும் ராக்கரின் கோணமும் பொருந்தாமல் போகும்.

இந்த என்ஜினின் லைனர்கள் நேரே குளிர்நீரில் நிற்பவை. தனியே கழற்றி மாற்றத்தக்கவை. அவை பிளாக்கின் மேற்பரப்பைவிட மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு துருத்தி நிற்க வேண்டும். அந்த மயிரிழையில்தான் கேஸ்கட்டின் உயிர் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் போற்றி அமைத்த என்ஜினில் மில்லிமீட்டர் கணக்கில் சீவலாம் என்பது என்ன துணிவு!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பிஸ்டனை மாற்றினால் நாளை பழையதைத் திரும்ப மாட்டலாம். சீவிய இரும்பை யாரும் ஒட்டவைக்க முடியாது.

5. “அமெரிக்காவில் கம்பெனிக்காரனே உயர் அமுக்கப் பிஸ்டன் விற்றிருக்கிறான்.”

விற்றான். ஏன் விற்றான் என்று படித்தீர்களா? பார்மால் டிராக்டர்களைச் செய்த இன்டர்நேஷனல் ஹார்வஸ்டர் நிறுவனம் 5000 அடி, 8000 அடி உயரத்து நிலங்களுக்கென்று தனிப் பிஸ்டன்களை வைத்திருந்தது. 5000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 86 விழுக்காடுதான். 8000 அடியில் 79 விழுக்காடு. உள்ளே போகும் காற்றே குறைவென்பதால், அங்கே விகிதத்தை உயர்த்தினாலும் தட்டாது. இழந்த வலுவில் ஒரு பகுதி மீளும். அதாவது, அப்பிஸ்டன் மலைக்காரனுக்கு எழுதிக் கொடுத்த மருந்து. நம் நாட்டில் கேமரன் மலையில் ஓட்டுவதாக இருந்தால் பொருள் உண்டு. அது ஏறத்தாழ 5000 அடி. கடல் மட்டத்துச் செம்பனைத் தோட்டத்தில், நண்பகல் வெயிலில் ஓடிய வண்டிக்கு மலைநாட்டு மருந்தைக் கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்? இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிறருக்கு எழுதிய மருந்தை நம் பிள்ளைக்குக் கொடுப்போமா?

பெர்குசனின் பெருமை எதில் இருக்கிறது?

குழுவினர் எல்லாரும் தவறவிட்ட செய்தி இதுதான். ஹாரி பெர்குசன் (1884–1960) பெரிய என்ஜினைச் செய்து புகழ் பெற்றவரல்லர். அயர்லாந்தின் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர் கண்டது வேறு: கலப்பையை வண்டியின் பின்னால் வெறுமனே கட்டி இழுக்காமல், மும்முனை இணைப்பில் பூட்டி, ஹைட்ராலிக் விசையால் தாங்கிப் பிடித்தால், மண் கலப்பையை இழுக்கும் விசையே பின்சக்கரங்களை நிலத்தில் அழுத்தும். சக்கரம் வழுக்காது. அதனால் ஒரு டன்னைச் சற்றே தாண்டிய சின்ன வண்டி பெரிய வண்டியின் வேலையைச் செய்தது. இன்று உலகில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் அந்த மும்முனை இணைப்பு இருக்கிறது.

குறைந்த வலுவை எப்படி வீணாக்காமல் பயன்படுத்துவது என்பதே அவ்வண்டி உலகுக்குச் சொன்ன பாடம். அந்த வண்டியையே பிடித்து, “வலு போதாது” என்று பிஸ்டனை மாற்றுவது, பாடத்தை அழித்துவிட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்கு ஒப்பாகும். 28 குதிரை போதாதென்பவர்களுக்கு மற்றொரு செய்தி: 1958 ஜனவரி 4ஆம் நாள் எட்மண்ட் ஹில்லாரியின் குழு தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் டிராக்டர்களில்தான்! சக்கரங்களுக்குத் தொடர்பட்டை பூட்டிக் கொண்டு போனார்கள். தென்துருவம் வரை போன வண்டிக்குப் பள்ளித் திடலைச் சுற்றிவர வலு இல்லையாம்!

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. நான் பழைமைவாதியல்லன். ஆவியெண்ணெய் வகை வண்டியாக இருந்தால், அந்த எண்ணெய் பிரிட்டனிலேயே 1974இல் சந்தையிலிருந்து போய்விட்டது. இங்கே எங்குப் போய் வாங்குவது? பெட்ரோல் வகைக்கு ஆலையே செய்த ஹெட்டைத் தேடிப் பொருத்தி, விகிதத்தை 6-க்குக் கொண்டுவந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆலை போட்ட கணக்கு அது. பழைய ஹெட்டைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிட்டால் என்றைக்கும் திரும்பலாம்.

லைனர் கிடைக்காமல் 85-க்குப் பதிலாக 87 மி.மீ. தொகுதியைப் போட நேர்ந்தால்கூட வாதாடலாம். அறை மாறாதிருந்தால் அதனாலேயே விகிதம் 6-இலிருந்து 6.2-க்குச் சற்று மேலே போகும். கொள்ளளவும் 2088-இலிருந்து 2188-க்கு உயரும். எந்த எண்ணையும் துரத்தாமலே கிடைக்கும் வரவு அது. சுமையும் தாங்கும் அளவே. ஆனால், மாட்டுமுன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மாட்டியதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

எனவே என் அளவுகோல் எளிமையானது. திரும்பப் பெறத்தக்க மாற்றமா? கணக்குப் போட்ட மாற்றமா? பதிவு செய்த மாற்றமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் செய்யுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் கைவையாதீர்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் ஏன் கவலைப்பட வேண்டும்?

“ஏதோ ஒரு பழைய வண்டி, இதற்கு இவ்வளவு எழுத்தா?” என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, இது நினைவுச் சின்னம். தோட்டத்தில் உழைத்த நம் பாட்டன்மார், தந்தைமார் எந்த வலுவுள்ள பொறியோடு எந்தச் சுமையை இழுத்தார்கள் என்பதை அது சொல்ல வேண்டும். அவர்கள் ஓட்டியது 28 குதிரை. சேற்றில் புதைந்தபோது இறங்கித் தள்ளியவர்களும் அவர்களே. வண்டியைப் பறக்க வைத்துக் காட்டினால் அவர்களுடைய உழைப்பின் அளவு குறைந்து தெரியும். “தாத்தாவுக்கு எளிதாகத்தானே இருந்திருக்கும்” என்று பேரன் நினைப்பான். அந்தப் பொய்க்கு என் நன்கொடை போக வேண்டா.

இரண்டாவது, இது பள்ளி வளாகத்தில் நிற்கப் போகிறது. இக்காலக் காரின் மூடியைத் திறந்தால் பிள்ளைகள் காண்பது கறுப்பு நெகிழிப் பெட்டி ஒன்றைத்தான். இந்த டிராக்டரிலோ கார்பரேட்டர், செருகி, குளிர்விசிறி, எரிபொருள் குழாய் அனைத்தையும் விரல் வைத்துக் காட்டலாம். எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, வகுத்துப் பார்க்கத்தக்க பொறி இது. ஆலை நூலில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது பாடப்பொருள். அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கண்ணெதிரே நிற்கும் பொறியில் அதைச் செய்து காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது வரும்?

அளக்காமல் நம்பும் பழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற உழவர் ‘போர்டு’ என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டரை வாங்கினார். மினியாபொலிஸ் நகரத்து நிறுவனம் ஒன்றின் வண்டி அது. ஹென்றி போர்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சொன்ன வேலையை அது செய்யவில்லை. அவர் அழுது கொண்டிருக்கவில்லை. சட்டமன்றத்தில் முன்னின்று 1919இல் ஒரு சட்டத்தையே கொண்டு வந்தார்: பல்கலைக்கழகம் சோதித்து அளக்காத டிராக்டர் வகையை இம்மாநிலத்தில் விற்கக் கூடாது! 1920இல் தொடங்கிய நெப்ராஸ்கா சோதனைகள் உலகெங்கும் உழவர்களுக்கு அளவுகோலாயின. விற்பவன் வாய்ச்சொல்லுக்கும் அளவைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உழவர் நூறாண்டுக்கு முன்பே புரிந்து கொண்டார். நாம் காணொளியைப் பார்த்துப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். வளைந்திருந்தால் மட்டம் பார்க்கும் அளவுக்கு மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் வேண்டா.

இரண்டு: மேடேறிய பிஸ்டனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஆலை அளவிலான பிஸ்டன், வளையம், லைனர், அடிக் கேஸ்கட் வாங்குங்கள். மிஞ்சினால் ஹைட்ராலிக் பம்பைச் சீர்செய்யுங்கள். மும்முனை இணைப்பு ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் காணட்டும். அதுதான் அவ்வண்டியின் உயிர்.

மூன்று: செய்தது அனைத்தையும் தமிழில் எழுதி, துளை, நகர்வு, அறைக் கொள்ளளவு, விகிதம் ஆகிய நான்கு எண்களையும் ஒரு பலகையில் பொறித்து வண்டியின் அருகே நடுங்கள். அறைக் கொள்ளளவை அளப்பதும் எளிதே: ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, செருகியையும் வால்வையும் மூடி, அளவுக்குழலால் எண்ணெய் ஊற்றி எவ்வளவு கொள்கிறது என்று பார்த்தால் போதும், கேஸ்கட்டின் தடிமனும் பிஸ்டன் நிற்கும் உயரமும் தரும் இடத்தை அதனோடு கூட்டிக் கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஆறாம் ஆண்டு மாணவர்களை நான் அழைத்து வருகிறேன். ஊற்றுவது அவர்கள், வகுப்பதும் அவர்கள். பாதுகாப்புக்கு நான் பொறுப்பு.

இந்த மூன்றையும் ஏற்றால் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உங்களுக்காக நானே எழுந்து நின்று நன்கொடை கேட்பேன். ஏற்காவிட்டால், அதே கூட்டத்தில் இதே கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். பிறகு பெற்றோர் முடிவு செய்யட்டும்.

சிந்திப்போம்! அளந்து செயல்படுவோம்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்